பழப்புளி போட்டு மினுக்கின காசு

அமெரிக்க ஒரு சதக் காசின் பின்பக்கத்தில், இப்போதைய அச்சுக்கு முந்திய அச்சில், தூண்களும் படிகளும் கொண்ட ஒரு மண்டபம் இருக்கும். அதன் வலது கீழ் மூலையில், செடி முடிகிற இடத்தில், எறும்பு கால் உதறிவிட்டுப் போனதுபோல இரண்டு எழுத்து. அந்த மண்டபப் படத்தைக் காசுக்கு வடிவமைத்தவரின் பெயரின் முதலெழுத்துகள். அந்த இரண்டு எழுத்தையும் வெறுங்கண்ணால் வாசித்துக் காட்டித்தான், தன் கண்ணில் ஒரு குறையுமில்லை என்று போன கார்த்திகை முழுக்க என் கணவர் எங்களுக்கு நிறுவிக்கொண்டிருந்தார்.

நிறுவவேண்டிய தேவை இருந்தது. அவர் பார லொறி ஓட்டுகிறவர். கனடாவில், சென்ட் லோரன்ட்டில் ஒரு கிடங்கில் ஜன்னல் சட்டங்களை ஏற்றிக்கொண்டு, எல்லை தாண்டி, நியூயோர்க் மாநிலத்துச் சின்ன ஊர்களில் இறக்கிவிட்டு அன்றைக்கே திரும்புவார். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்து பல வருசம். கண் டொக்டர் பார்த்துக் கையெழுத்து வைத்தால்தான் லைசென்ஸ் தொடரும். அந்தப் பரிசோதனை, கார்த்திகைத் தீப நாளான விளக்கீடு முடிந்த கையோடு வர இருந்தது. கையெழுத்துக் கிடைத்தால் றோட்டு. கிடைக்காவிட்டால், கலியாணத்துக்கு முந்தியிருந்தே தன் இரண்டாவது வீடாக வைத்திருந்த அந்த உயரமான இருக்கையை விட்டு அவர் இறங்கவேண்டும்.

"டொக்டரின்ரை சுவரிலை இருக்கிற எழுத்து வண்டில் சில்லு மாதிரிப் பெரிசு. இது எள்ளு. எள்ளை வாசிக்கிறவனுக்குச் சில்லு தெரியாதே?" என்பார்.

நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் நேர்த்திக்கடன் இருந்தது.

காசு சேர்க்கிற பழக்கம் அவருக்கு றோட்டால் வந்தது. எல்லைக்கு அப்பால் ஒரு கோப்பி குடிப்பார். மிச்சக் காசை உள்ளங்கையில் விரித்துப் பார்ப்பார். கனடா தன் சதத்தை எப்போதோ கைவிட்டுவிட்டது. இங்கே கடைக்காரர் மிச்சத்தை அஞ்சுக்கும் பத்துக்கும் உருட்டிவிடுகிறார். அங்கே சதம் உயிரோடு திரிந்தது. அங்கேயும் இனி அடிக்கமாட்டார்களாம் என்று செய்தி வந்த அன்று, செத்தவீட்டுக்குப் போய்வந்தவர்மாதிரி வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கொஞ்சநேரம் நின்றார்.

அந்தச் சின்ன எழுத்துகளில் அவருக்கு அப்படியொரு பிடிப்பு. காசிலிருக்கிற பெரிய முகத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், செய்தவனை ஆர் பார்க்கிறது என்று கேட்பார். நூறு வருசத்துக்கு முந்தி ஒரு சிற்பி தன் மூன்றெழுத்தையும் சதத்தில் கொஞ்சம் பெரிசாகவே வெட்டிவிட்டாராம். சனம் முறுமுறுக்க, அந்த வருசமே எடுத்துப்போட்டார்களாம். பேந்து பல வருசம் கழித்து, காசிலுள்ள உருவத்தின் தோள்மூட்டுக்கு அடியில், மன்னிப்புக் கேட்கிறமாதிரிச் சின்னதாகத் திரும்பி வைத்தார்களாம். பத்துச் சதக் காசில் இருந்த இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு, இது ரஷ்யத் தலைவரின் பெயர், காசடிக்கிற இடத்துக்குள் உளவாளி புகுந்திட்டான் என்று ஒரு காலத்தில் ஊரெல்லாம் கதை பரவியதாம். "எங்கடை ஆக்கள்தான் இப்பிடிக் கதை கட்டுறதெண்டு நினைச்சன்," என்று சொல்லிச் சொல்லி மகிழ்வார்.

ஒருநாள் மகளிடம் சொன்னார்: எங்களுக்கும் அப்படித்தானே, பேருக்கு முன்னுக்கு நிக்கிற எழுத்து எங்களைச் செய்த ஆளின்ரை. மகள் போனிலிருந்து தலை எடுக்காமல், பாதிப் பிரெஞ்சில் கேட்டாள், அப்ப அம்மா என்னைச் செய்யேல்லையா, அவவின்ரை எழுத்து எங்கை என்று. அவர் அசரவில்லை. புதிய இருபத்தைஞ்சு சதக் காசொன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார். இப்போது வருகிறவற்றில் படம் கீறினவரின் எழுத்து ஓரிடத்தில், அதை உலோகத்தில் செதுக்கினவரின் எழுத்து இன்னோரிடத்தில். "ரெண்டு பேரின்ரையும் போட்டிருக்கு, பாரும் பிள்ளை. காலம் திருந்திட்டுது," என்றார். மகள் அன்றைக்குக் காசைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அதுவே பெரிய காரியம்.

எங்கள் வீடு கார்ட்டியர்வில்லில் மூன்றாம் மாடி. ஜன்னலோரம் ஒரு மேசை, அதில் மஞ்சள் வெளிச்சம் விழுகிற விளக்கு, கறுத்தத் துணி விரித்த ஒரு மரத்தட்டு. தட்டில் வரிசை வரிசையாகக் காசு. கலியாணம் முடித்த புதிதில், கண்ணில் செருகிப் பார்க்கிற சின்ன உருப்பெருக்கி ஒன்றை அவர் என்னிடம் நீட்டினார். ஒரு கண்ணாடி, இரண்டு பேர். தலை தலையோடு முட்டும். அவருடைய மயிரில் டீசல் மணக்கும். "தெரியுதே?" என்பார். எனக்குத் தெரிந்தது அவருடைய மூச்சு மட்டும்தான். ஓம் என்பேன். பிறகு மெல்ல மெல்ல எழுத்தும் தெரிந்தது.

அந்தத் தட்டில் ஒரு சதம் மட்டும் தனி. அந்த நாட்டின் பெயரில் உள்ள இரண்டு எழுத்து, மற்றக் காசுகளில் காலோடு கால் ஒட்டிக்கொண்டு நிற்கும். சில வருசத்து அச்சில், தவறி வேறொரு அச்சு நுழைந்ததால், அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நூலிழை வெளி. செதுக்கியவரின் எழுத்தும் மண்டபத்திலிருந்து நிற்கிற தூரம் மாறியிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் நல்ல நிலையில் இருந்தால், சேர்க்கிற ஆட்கள் அந்த ஒரு சதத்துக்குச் சில நூறு டொலர் வரை கொடுப்பார்கள். "வெறும் இடைவெளிக்கு விலை," என்பார் அவர். பெற்றோல் அடிக்கிற செட் ஒன்றின் கல்லாவிலிருந்து, சூயிங்கம் வாங்கின மிச்சத்தில், அவர் கைக்கு வந்தது அது. விற்கிற எண்ணம் ஒருநாளும் இருந்ததில்லை. உலகத்தில் எல்லோருடைய கையையும் தாண்டி எனக்கென்று வந்ததே என்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சிலவேளை என்னையும் அப்படிப் பார்ப்பார்.

நல்ல நிலை என்றால், பளபளப்பு இல்லை. அதுதான் வெளியாட்களுக்கு விளங்காதது. காசுக்குத் தோல் உண்டு. வருசக்கணக்கில் காற்றுப்பட்டுப் படிகிற அந்த மண்ணிறம்தான் அதன் தோல். அதைக் கழுவினால், உரஞ்சினால், காசு செத்துப்போகும். சேர்க்கிற ஆள் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார். அதனால் எங்கள் வீட்டில் காசை ஓரத்தில்தான் பிடிக்கவேண்டும். அதன்மேல் ஊதக்கூடாது. மகள் ஒருமுறை ஒரு காசைச் சட்டையில் துடைத்துவிட்டாள். சத்தம்போட்டே அறியாத அந்த மனிதர் அன்று சத்தம் போட்டார். பிறகு போய் அவளுக்குப் பிடித்த டோனட் ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்தார்.

கண்ணுக்கு ஏதோ நடக்கிறது என்று போன கோடையில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தேத்தண்ணி வார்க்கும்போது கோப்பையின் விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டு வார்த்தார். படியிறங்கும்போது கடைசிப் படியைக் காலால் தேடினார். கேட்டால் வெயில் என்றார். வெயில் போய்ப் பனி வந்தது. பனியின் வெள்ளைக் கூச்சம் என்றார். நான் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். நகர்ந்து போகிற பட்டியில் ஓரம் உடைந்த மாத்திரையைப் பொறுக்குவது என் வேலை. நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வந்து, வீட்டில் அவர் இரண்டு எழுத்தை வாசிக்கும்போது அவருடைய வாயைத்தான் பார்த்தேன். வாய் சரியாகத்தான் சொன்னது.

விளக்கீட்டுக்கு மச்சாள் வந்தா. இவருடைய மூத்த அக்கா. கர்க்லாண்டில் மகனோடு இருக்கிறா. பெரிய வீடு, இரட்டைக் கராஜ். "மகனும் மருமகளும் வேலைக்குப் போனால், அந்த வீட்டிலை ஃபிரிட்ஜ் மட்டும்தான் கதைக்குது பிள்ளை," என்றபடி பையை இறக்கினா. பைக்குள் கிடந்தவை, தான் பிழிந்த முறுக்கு, தன் குத்துவிளக்கு, ஓர் உருண்டை பழப்புளி. இஞ்சை புளி கிடையாதே மச்சாள் என்று கேட்டேன். உங்கடை புளி கறிக்குத்தான் சரி, விளக்குக்கு இதுதான் என்றா.

விளக்கீட்டுக்கு முதல்நாள். நான் வேலையால் வரும்போது நாலு மணியும் ஆகவில்லை, வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. கதவைத் திறந்ததும் புளி மணம். குசினி மேசையில் துவாய் விரித்து விளக்குகள் கவிழ்த்து வைத்திருந்தன. திரி தட்டும் கால் தண்டும் பொன்போல. அவற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு துவாய். அது வெறுமையாக, ஈரமாக, வட்டம் வட்டமாக அடையாளம் பதிந்து கிடந்தது.

ஜன்னலோர மேசைக்குப் போனேன். மரத்தட்டில் காசுகள் எல்லாம் இருந்த இடத்திலேயே, வரிசை குலையாமல் இருந்தன. ஆனால் ஒன்றுக்கும் தோல் இல்லை. சதங்கள் எல்லாம் பிறந்த குழந்தையின் உள்ளங்கால் நிறத்தில் இருந்தன. இருபத்தைஞ்சு சதங்கள் புதுக் கரண்டிபோல மின்னின. சாம்பலுக்குப் பதில் கோயில் விபூதி போட்டுத் தேய்த்திருந்தா. துணியின் கறுப்பில் அங்கங்கே வெள்ளைப் பொடி.

மச்சாள் எனக்குப் பின்னால் வந்து நின்று, ரகசியம்போலச் சொன்னா:

"தம்பி பாவம் பிள்ளை. மூக்கு முட்ட முட்ட வைச்சுக்கொண்டு பாக்கிறான். ஊத்தைக்குள்ளை எழுத்து எப்பிடித் தெரியும்? நீங்களும் வேலை வேலையெண்டு ஓடுறியள். அதுதான் நான் இருந்து எல்லாத்தையும் மினுக்கிவிட்டன்."

தன் விளக்கைத் தொட்ட அதே கையால், அதே பக்தியோடு செய்திருக்கிறா. ஒரு பிழையும் தெரியாத முகம். நல்லாயிருக்கு மச்சாள் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு, வாசலில் போய் நின்று அவரை மறித்து முதலே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே படியில் சப்பாத்துச் சத்தம். மச்சாள் எனக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்தா.

அவர் கை கழுவினார். வழமைபோல மேசையில் போய் உட்கார்ந்து விளக்கைப் போட்டார். நான் குசினி வாசலில், கையில் அகப்பையோடு. மச்சாள் அவருடைய தோளுக்குப் பின்னால், பரிசளிப்பு விழாவில் பிள்ளையின் பெயர் கூப்பிடக் காத்திருக்கும் தாய்மாதிரி.

அவருடைய கை நேரே அந்தத் தனிச் சதத்துக்குப் போனது. ஓரத்தில் பிடித்துத் தூக்கினார். வெளிச்சத்தில் காட்டினார். முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார். இன்னும் கிட்ட. அங்கே ஒரு கணம் கை அசையாமல் நின்றது. பிறகு காசை அதன் இடத்தில் மெதுவாக வைத்துவிட்டு, அந்த இரண்டு எழுத்தையும் சொன்னார். பக்கத்துக் காசை எடுத்து அதன் எழுத்தையும் சொன்னார். அதற்குப் பக்கத்தில் உள்ளதையும். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"பாத்தியே," என்றா மச்சாள். "இப்ப எப்பிடி?"

"நல்லாத் தெரியுது அக்கா," என்றார்.

சாப்பாடு போட்டேன். அவர் சாப்பிட்டார். மச்சாள் தன் மகனின் கராஜ் கதவு தானாகத் திறந்து தன்னைப் பயமுறுத்துகிற கதையைச் சொன்னா, அவர் சிரித்தார். நான் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். ஏனென்றால் நடந்ததற்கு இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டுக்கும் நடுவில் நான் நின்றேன்.

ஒன்று, அன்பு. இந்த மனிதர் தன் அக்காவின் மனம் நோக ஒன்றும் செய்யமாட்டார். ஒரு மாரிக் குளிருக்கு அவ பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர் கழுத்தையெல்லாம் சிவக்கச் சிவக்கக் கடிக்க, பங்குனி வரை அதைப் போட்டுக்கொண்டு லொறி ஓட்டினவர். அவ உப்பை இரண்டுதரம் போட்ட கறியை இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டவர். காசெல்லாம் செத்துப்போனதைக் கண்டும், நல்லாத் தெரியுது அக்கா என்று சொல்லக்கூடியவர்தான்.

மற்றது, அவர் காணவே இல்லை.

அன்பாய் இருக்கவேண்டும் என்று மன்றாடினேன். சில நூறு டொலர் போகட்டும், அந்தத் தட்டு முழுக்கப் போகட்டும், அவர் கண்டிருக்கவேண்டும். கண்டு, நெஞ்சு வெடித்து, அதை விழுங்கியிருக்கவேண்டும். என் கணவரின் துக்கத்துக்காக நான் கடவுளிடம் கெஞ்சியது அந்த ஒருதரம்தான்.

காலையில் மச்சாள் குளிக்கப் போனா. தண்ணி விழுகிற சத்தம் கேட்டது, அதோடு தேவாரமும். அவர் தேத்தண்ணியோடு ஜன்னலில் நின்றார். வெளியே முதற்பனி கரைந்துபோன வெறும் குளிர், மரமெல்லாம் கம்பியாக. நான் என் கைப்பையின் அடியில் கிடந்த ஒரு பழைய அமெரிக்கச் சதத்தை எடுத்தேன், டெபனர் என்கிற தெருமுனைக் கடையில் எந்தக் காலத்திலோ மிச்சத்தோடு கலந்து வந்தது, கன்னங்கரேலென்று. தட்டிலிருந்து ஒரு சதத்தை எடுத்தேன். இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொன்றை வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். ஒன்று நெருப்பு, ஒன்று கரி. மூன்று வயசுப் பிள்ளைக்கும் தெரியும்.

"இஞ்சேருங்கோ. இதிலை எது அக்கா மினுக்கினது?"

அவர் கோப்பையை வைத்தார். என் கைகளைப் பார்த்தார். ஒரு கையை, பிறகு மற்றக் கையை, பிறகு திரும்ப முதல் கையை. அவருடைய பார்வை காசில் விழாமல் அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் விழுந்ததை அப்போதுதான் கண்டேன். குளியலறையில் தேவாரம் அடுத்த அடிக்குப் போனது. அவர் குனிந்தார். என் இடது கையில் முகத்தை வைத்தார். வலது கையில் முகத்தை வைத்தார். மூச்சை இழுத்தார்.

"இது," என்றார். வலது கை. சரிதான்.

நான் இரண்டு கையையும் மூடினேன்.

"மணந்துதான் சொன்னனான்," என்றார். "நேற்றும் அப்பிடித்தான். எழுத்துத் தெரியுதோ எண்டு கிட்டக் கொண்டுபோக, பழப்புளி மணத்துது. அப்பதான் விளங்கிச்சுது, அக்கா எல்லாத்தையும் கழுவிப்போட்டா எண்டு. கண்ணாலை இல்லை."

"அப்ப எழுத்து?"

"எழுத்தெல்லாம் எனக்குப் பாடமப்பா. எந்தக் காசு எந்த இடத்திலை எண்டது பாடம். வாசிச்சு எவ்வளவு காலம்."

அப்படியென்றால், இரண்டுமே. முதலில் காணவில்லை. பிறகு மணத்தில் எல்லாம் விளங்கி, தன் கண் போனதும் காசு போனதும் ஒரே மூச்சில் தெரிந்து, அந்த ஒரு கணத்துக்குள் இரண்டையும் விழுங்கிவிட்டு, நல்லாத் தெரியுது அக்கா என்றிருக்கிறார்.

எப்பயிருந்து என்று கேட்டேன். வெயில் காலத்திலிருந்து என்றார். பெரிய போர்டெல்லாம் தெரிகிறதாம், ஓரமெல்லாம் வடிவாகத் தெரிகிறதாம். நடுவில் மட்டும் ஒரு புகை. எதைப் பார்க்கிறாரோ அதற்கு மேலே போய் உட்கார்ந்துகொள்கிறதாம். ஆட்களைப் பார்த்தால் முகத்தில்.

"என்ரை முகத்திலையுமோ?"

"உம்மடை முகமும் எனக்குப் பாடம்," என்றார்.

வேறொரு நாளென்றால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதம் பறந்திருப்பேன். அன்று எனக்குக் கோபம் வந்தது. என்னைப் பாடமாக்குங்கோ, காசைப் பாடமாக்குங்கோ, றோட்டைப் பாடமாக்கி லொறி ஓட்டலாமோ என்று கேட்டேன். குறுக்கே ஒரு பிள்ளை ஓடினால், அது உங்கடை பாடத்திலை இருக்குதோ என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. குளியலறையில் தேவாரம் ஒருதரம் நின்று, பிறகு தொடர்ந்தது.

அவர் கதிரையில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பெரிய கைகள் அப்படிச் சும்மா கிடந்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொருநாளும் வெளிக்கிடும்போது அந்தப் பிள்ளையைத்தான் நினைக்கிறவர் என்றார். நினைத்துக்கொண்டு மெல்ல ஓட்டினாராம். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிப்பானாம்.

பிறகு போனை எடுத்து என்னிடம் நீட்டி, கிடங்கின் நம்பரை எடுத்துத் தரச் சொன்னார். நான் எடுத்துக் கொடுத்தேன். திங்கட்கிழமைக்கு வேறு ஆளைப் போடுங்கோ, எனக்குக் கண் சரியில்லை என்று தன் பாதி பிரெஞ்சு பாதி ஆங்கிலத்தில் சொல்லி வைத்தார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ தெரியாது. மெர்சி, மெர்சி என்றார் இரண்டுதரம்.

அன்று விளக்கீடு, பின்னேரம் பல்கனியில் ஒரு சின்ன அகல்விளக்கை ஏற்றினோம். காற்று விடவில்லை, ஏற்ற ஏற்ற அணைத்தது. மச்சாள் தன் சீலைத் தலைப்பை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றா. மூன்றாந்தரம் அணைந்தபோது, கீழ்மாடிக்காரப் பெண் தன் பல்கனியிலிருந்து வாயகன்ற ஒரு கண்ணாடிப் போத்தலை மேலே நீட்டினா. அதற்குள் வைத்தோம். நின்றது. அக்காவுக்கு ஒன்றும் சொல்லவேண்டாம் என்று அவர் என் காதில் சொன்னார். எதை, கண்ணையோ காசையோ என்று கேட்டேன். கண்ணைச் சொல்லலாம், காசைச் சொல்லாதேயும் என்றார்.

கண் டொக்டர் இளம் பெண், பிரெஞ்சுக்காரி, எங்கள் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவவாக இருக்கும். அறையை இருட்டாக்கி, அவருடைய இடது கண்ணை மறைத்து, சுவரில் எழுத்தைப் போட்டா. முதல் வரி சொன்னார். இரண்டாவது வரி சொன்னார். மூன்றாவது வரியில் நின்றார். நான் அவருடைய கதிரையோடு ஒட்டின மூலையில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய உதடு ஓர் எழுத்தைச் செய்யத் தொடங்கியதைக் கண்டேன். ஊகித்தால் பாதி சரியாக வரக்கூடும். இத்தனை வருசம் எழுத்தோடு வாழ்ந்த மனிதர், எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எது வரும் என்று குருட்டுவாக்கில் சொல்லத் தெரிந்தவர். உதடு மூடியது.

"தெரியேல்லை," என்றார்.

தமிழில்தான் சொன்னார். டொக்டர் திரும்பி என்னைப் பார்த்தா. நான் பிரெஞ்சில் சொல்லவேண்டியிருந்தது. நாலு சொல்லு. அதைச் சொல்லி முடிக்க எனக்கு நேரம் எடுத்தது. அவர் இருட்டில் கையை நீட்டி என் முழங்காலைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

பிறகு படமெல்லாம் எடுத்தார்கள். கண்ணின் நடுவில் நீர் கோர்த்து வீங்கியிருக்கிறதாம். கண்ணுக்குள் ஊசி போடவேண்டும், மாதாமாதம். போனது எல்லாம் திரும்பும் என்று சொல்ல ஏலாது, கொஞ்சம் திரும்பலாம், இனிப் போகாமல் பிடிக்கலாம். லொறிக்குத் தான் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று டொக்டர் மெதுவாக, ஆனால் மழுப்பாமல் சொன்னா. சின்னக் காரைப்பற்றி ஊசிக்குப் பிறகு பார்க்கலாம் என்றா. அவர் தலையாட்டினார். ஊசி நோகுமோ என்று மட்டும் கேட்டார். கொஞ்சம் என்றா. "அக்காவின்ரை ஸ்வெட்டரைவிடவோ எண்டு கேளும்," என்றார் என்னிடம். நான் மொழிபெயர்க்கவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தால் எனக்குப் பிரெஞ்சு வராது.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் அவர் இருக்கும்போது நான் ஓட்டிப் பழக்கமில்லை, அதுவும் பெருந்தெருவில். அவர் பக்கத்து இருக்கையில், தன் உயரத்துக்கு இடம் போதாமல் முழங்காலை மடக்கிக்கொண்டு இருந்தார். பிரேக்கை மிதியாதேயும், சும்மா காலை எடும் என்றார். கண்ணாடியைப் பாரும் என்றார். எந்தக் கண்ணாடி என்றேன். எல்லாக் கண்ணாடியும் என்றார். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடிக்க, இரண்டு பேரும் ஒன்றாக அவனைத் தமிழில் திட்டினோம்.

பாலம் வந்தது. அவர் முன்னே பார்த்தபடி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். இனி ஒரு வளைவு வரும். அது முடிய இடப்பக்கம் ஒரு மதில். மதில் முடிய நாலாவது எக்ஸிட் எங்கடை. வளைவு வந்தது. மதில் வந்தது. அவர் சொல்ல, அவர் சொன்னபடியே றோட்டு எங்கள் முன்னால் விரிந்துகொண்டு போனது. என் கை கொஞ்சம் இளகியது.

"இதுதான். வலப்பக்கம் எடும்," என்றார்.

செம்மஞ்சள் கூம்புகள் வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பின்னால் தார் கிண்டிக் கிடந்தது.

"மூடிக் கிடக்கப்பா," என்றேன். "கூம்பு வைச்சிருக்கிறாங்கள்."

அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இருக்கையில் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்ட முடிந்த அளவுக்கு நீட்டிக்கொண்டார்.

"அப்ப நீர் பாத்துப் போம்," என்றார்.